சன்னபட்டணா மரச் சொப்பு: வாங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

மைசூரு சாலையில் இருக்கும் சன்னபட்டணாவின் மரச் சொப்பை, அதாவது விளையாட்டுச் சமையல் சாமானை, பெங்களூரில் வாங்கப் போகிறவர்கள் டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துப் பணம் கொடுத்துவிட வேண்டாம். டப்பாவைப் பிரிக்கச் சொல்லுங்கள். குடத்தைக் கையில் எடுத்து மூடியைத் தூக்கிப் பாருங்கள். மூடி தனியாக வந்து உள்ளே இரண்டு விரல் போனால் அது விளையாடுகிற சொப்பு. மூடியும் குடமும் ஒரே கட்டையாகக் கடைந்திருந்தால் அது கொலுப்படியில் வைக்கிற சொப்பு. கடைக்காரர் இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்பார். இரண்டிலும் அதே மரம், அதே அரக்கு, அதே பளபளப்பு. அலமாரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வீட்டுக்கு வந்து, குழந்தை அந்தக் குடத்தில் கரண்டியை விட்டுக் கிண்டப் போகும்போதுதான் தெரியும்.

இந்த ஒன்றை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சும்மாக்காச்சும் சமைக்கிற விளையாட்டில் பாத்திரத்துக்குள் எதுவும் இருக்க வேண்டியதில்லை. இருப்பதற்கு இடம் மட்டும் வேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தை வெறும் டம்ளரை வாயில் வைத்து உறிஞ்சுகிற சத்தம் போடும். இரண்டு வயதை ஒட்டி, அதே டம்ளரைத் தாத்தாவிடம் நீட்டி "சூடு, ஊதிக் குடி" என்னும். உளவியலாளர் ஆலன் லெஸ்லி இந்த வயதுக் குழந்தைகளிடம் செய்து பார்த்த சோதனை ஒன்று இருக்கிறது. முன்னால் இரண்டு வெறும் கோப்பைகள். காலிப் பாட்டிலிலிருந்து இரண்டிலும் ஊற்றுவதாகப் பாவனை. பிறகு ஒரு கோப்பையை மட்டும் எடுத்து, கவிழ்த்து உதறி, பழைய இடத்தில் வைத்துவிட்டு, எது காலி என்று கேட்பார்கள். குழந்தை கவிழ்த்த கோப்பையைக் காட்டும். இரண்டிலும் ஒன்றுமே இல்லை என்று அதற்கும் தெரியும். ஆனாலும் ஊற்றியது, கொட்டியது, மிச்சம் எல்லாவற்றுக்கும் மனசுக்குள் கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை வைக்கக் குழிவான பாத்திரம் வேண்டும். திடக் கட்டையில் ஊற்ற முடியாது, கவிழ்க்க முடியாது, கிண்ட முடியாது.

அப்படியிருக்க, பட்டறைக்காரர்கள் ஏன் குடையாமல் விடுகிறார்கள்? வெளியுருவத்தைக் கடைவது விரைவான வேலை. கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டி, உளியை வைத்து, கழுத்தும் வயிறும் அடியும் ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடலாம். உள்ளே குடைய வேண்டுமென்றால் கட்டையின் ஒரு முனையை விடுவித்து, மறுமுனையை மட்டும் பிடித்துச் சுழலவிட வேண்டும். வளைந்த உளியைக் குறுகிய வாய் வழியாக உள்ளே விட்டு, முனை கண்ணுக்குத் தெரியாத நிலையில் கைப்பழக்கத்தை நம்பிச் செதுக்க வேண்டும். சுவர் ஓரிடத்தில் மெலிந்தால் உடைந்து தெறிக்கும். மரம் சரியாகக் காயாமல் இருந்தால் குடைந்து முடித்த பிறகு வெடிப்பு விடும். நேரமும் சேதாரமும் கூடுகிறது, விலையும் கூடுகிறது. ஆகவே குடைந்த செட் விலை அதிகம் என்று கடைக்காரர் சொன்னால் அதில் நியாயம் உண்டு, கொடுக்கலாம். குடையாத செட்டுக்கு அதே விலை சொன்னால் மட்டும் கேள்வி கேளுங்கள்.

கேட்பதற்குக் கன்னடத்தில் இரண்டே வாக்கியம் போதும். "ஒளகே டொள்ளா?" என்றால் உள்ளே பொள்ளலா என்று அர்த்தம். "அரகின பண்ணவா, பெயிண்ட்டா?" என்றால் அரக்கு நிறமா, பெயிண்ட்டா. சன்னபட்டணாவின் பழைய கடைகள் பலவற்றில் தமிழிலேயே பேசினாலும் வேலை நடக்கும். ஆனால் இந்த இரண்டு கேள்வியும் அவர்கள் மொழியில் வந்தால் பதில் நேராக வரும், உள் அலமாரியில் இருக்கும் நல்ல சரக்கும் வெளியே வரும்.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம். இந்தச் சொப்புகளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மரம் ஆலே மரம். நம் ஊரில் வெட்பாலை என்கிறோம், பொடுகுத் தைலம் காய்ச்ச இலை பறிக்கிற அதே மரம்தான். தந்தம் மாதிரி வெளுப்பு, மணி மணியாக நெருங்கிய இழை, கண்ணுக்குத் தெரியும் வரிகள் குறைவு. உளிக்கு வழுவழுவென்று இணங்கும். வெட்டிய கட்டையை இரண்டு மூன்று மாதம் காயவிட்ட பிறகே கடைய எடுப்பது முறை. இப்போது ரப்பர் மரத்திலும் மற்ற மரங்களிலும்கூடச் செய்கிறார்கள். ரப்பர் மரம் மோசம் என்று சொல்ல முடியாது. அரக்கு இல்லாத அடிப்பாகத்தில் துளைகள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். பாத்திரத்தைத் திருப்பி, பெயிண்ட் படாத அடிவட்டத்தைப் பார்த்தால் எந்த மரம் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

மரம் சரியாகக் காய்ந்ததா என்பதற்கு மூடியே சாட்சி. மூடியைக் குடத்தின் வாயில் பொருத்தி, விரலால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். சுற்று முழுக்க ஒரே மாதிரி நழுவினால் மரம் காய்ந்தது. பாதியில் இறுகி, பிறகு தளர்ந்து, மறுபடி இறுகினால் வாய் வட்டமாக இல்லை, நீள்வட்டமாகிவிட்டது. ஈரமரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. வளர்வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைவிடப் பெரும்பாலான மரங்களில் சுமார் இரண்டு மடங்கு. இழையின் நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருக்கமே இல்லை. அதனால்தான் ஈரத்தோடு கடைந்த குடத்தின் உயரம் மாறாமல் வாய் மட்டும் கோணும். கடையிலேயே கோணியிருந்தால் வாங்காதீர்கள். கடையில் சரியாக இருந்து, பிப்ரவரி மார்ச் வறட்சியில் லேசாகத் தளர்ந்து, ஆடி ஆவணி ஈரத்தில் லேசாக இறுகினால் அது மரத்தின் இயல்பு, குறையில்லை. இறுகின மூடியைக் கத்தி விட்டு நெம்பவே கூடாது, விளிம்பு அரக்கு பெயர்ந்துவிடும். இரண்டு நாள் காற்றாட வைத்தால் தானே வரும்.

இனி அரக்கு. அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரந்து வைக்கும் பிசினைச் சுத்தம் செய்து, சூடாக்கி, நிறம் சேர்த்து இழுத்து மடித்துப் பிசைந்து குச்சியாக்கி வைத்திருப்பார்கள். கடைசலில் பாத்திரம் வேகமாகச் சுழலும்போது அந்தக் குச்சியை மேலே அழுத்தினால், உரசல் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பரவும். பிறகு தாழை ஓலையை மடித்து அதே சுழற்சியில் அழுத்துவார்கள். நிறம் சமமாகப் பரவுவதும் அந்தக் கண்ணாடிப் பளபளப்பும் ஓலையால் வருவது. பிரஷ் இந்த வேலையில் எங்கும் இல்லை. அதனால் அசல் அரக்கு வேலையில் ஒரு நிறம் முடிந்து அடுத்த நிறம் தொடங்கும் கோடு கத்தியால் வெட்டியது போல் துல்லியமாக இருக்கும். பெயிண்ட் அடித்ததில் கழுத்து மடிப்பிலும் அடி விளிம்பிலும் பெயிண்ட் தேங்கித் தடித்திருக்கும், சில இடத்தில் சொட்டு உறைந்திருக்கும்.

கண்ணால் தீர்மானிக்க முடியாவிட்டால் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். காது குடைகிற பஞ்சுக் குச்சியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்து, பாத்திரத்தின் அடி விளிம்பில், வெளியே தெரியாத இடத்தில் அரை நிமிடம் தேயுங்கள். அரக்காக இருந்தால் இடம் பிசுபிசுத்துப் பஞ்சில் நிறம் ஏறும், ஏனென்றால் அரக்கு ஆல்கஹாலில் கரையும். எனாமல் பெயிண்ட் அசையாது. வெறும் ஈரத்துணியால் தேய்க்கும்போது நிறம் வந்தால் அது அரக்கும் இல்லை, நல்ல பெயிண்ட்டும் இல்லை. அதைக் குழந்தையிடம் கொடுக்கவே கூடாது.

இதே காரணத்தால்தான் இந்தச் சொப்பைக் கெடுப்பதில் முதல் இடம் சானிடைசருக்கு. கிருமி போகட்டும் என்று நல்லெண்ணத்தோடு தெளிக்கிறார்கள்; பளபளப்பு போய், வெள்ளைத் திட்டு விழுந்து, மேற்பரப்பு கையில் ஒட்டும். அடுத்தது வெந்நீர். அரக்கு 75 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகத் தொடங்கும், அதற்கு வெகு முன்பே இளகும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் கதை முடிந்தது. காரமான சோப்புத்தூளும் சமையல் சோடாவும் அரக்கைத் தின்னும். வெயிலில் நிற்கும் காரின் பின்கண்ணாடி ஓரம் வைத்துவிட்டுப் போனால் மூடி குடத்தோடு ஒட்டிக்கொள்ளும். நீண்ட நாள் வெயில் படும் ஜன்னலோரமும் வேண்டாம். மஞ்சள் பொடியிலிருந்து எடுத்த நிறம் வெளிச்சத்தில் மற்றவற்றுக்கு முன்னால் வெளிறும். மஞ்சளும் அவுரி நீலமும் கலந்து எடுத்த பச்சை நாளடைவில் நீலத்தை நோக்கி நகரும். சுத்தம் செய்ய, தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு துடை, உடனே உலர்ந்த துணியால் ஒரு துடை. இது போதும்.

உள்பக்கத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. குறுகிய வாய் உள்ள குடத்துக்குள் அரக்குக் குச்சியை விட்டு அழுத்த முடியாது, ஆகவே உள்ளே வெறும் மரம்தான். அந்த மரம் தண்ணீரைக் குடிக்கும். உள்ளே ஊறிப் பெருக்க, வெளியே அரக்கு விறைப்பாக நிற்க, வயிற்றில் மயிரிழை வெடிப்பு ஓடும். தண்ணீர் விளையாட்டுக்கு எவர்சில்வர் சொப்பு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் எல்லாமே சும்மாக்காச்சும் தண்ணீர்.

செட்டில் வருகிற சாமான் ஒவ்வொன்றும் ஒரே தரத்தில் இருக்காது. பெரும்பாலான செட்டுகளில் நன்றாக அமைவது குடமும் தவலையும் டபரா டம்ளரும். டபரா டம்ளர் இருக்கிற செட்டைத் தேடிப் பிடியுங்கள், அவ்வளவு பயன் தரும் ஜோடி வேறில்லை. ஆற்றுவது, ஊற்றுவது, நுரை வரவைப்பது, நீட்டுவது என்று ஒரு காபிக்குள் நாலு வேலை இருக்கிறது, குழந்தைக்கு எல்லாமே அத்துப்படி. டபராவின் உள்வாய் டம்ளரின் அடியைவிடத் தாராளமாக இருக்கிறதா என்று பாருங்கள். சில செட்டில் டம்ளர் டபராவுக்குள் இறங்கி மாட்டிக்கொள்ளும்.

உரலும் உலக்கையும் அடுத்த நல்ல ஜோடி. உரலில் குழி உண்மையாகவே இருக்க வேண்டும். விரல் நுனி முழுக்க இறங்குகிற ஆழம் வேண்டும். இப்போதைய குழந்தை உரலைப் பார்த்ததே இருக்காது, மிக்ஸியைத்தான் பார்த்திருக்கும். அது ஒன்றும் இழப்பில்லை. உரலின் தலையில் கையை வைத்து "ர்ர்ர்" என்று சத்தம் எழுப்பி, சட்டினி அரைத்து முடித்துவிடும். ஆட்டுக்கல்லில் குழவி தளர்வாகச் சுழல வேண்டும். ஒட்டி வைத்த குழவி என்றால் அது கொலுச் சரக்கு. திருகையில் மேல்கல்லுக்கும் கீழ்கல்லுக்கும் நடுவில் இருக்கும் முளையையும், மேல்கல்லில் செருகிய கைப்பிடிக் குச்சியையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அந்தக் குச்சிதான் செட்டிலேயே ஆபத்தான துண்டு.

அம்மி, முறம், அடுப்பு மூன்றும் பலவீனம். வட்டமில்லாத சாமானைக் கடைசலில் சுற்ற முடியாது, சுற்றாமல் அரக்கு ஏறாது. ஆகவே தட்டையான அம்மிக்கல்லும் சதுர அடுப்பும் பிரஷால் பெயிண்ட் அடித்தவையாகவே இருக்கும், அல்லது வெறும் மரமாக விட்டிருப்பார்கள். வெறும் மரமாக விட்டதே மேல். குடத்தின் அரக்கைக் காட்டி முழுச் செட்டும் இயற்கை நிறம் என்று சொல்லும் கடையில், அடுப்பின் பெயிண்ட் என்ன என்று தனியாகக் கேளுங்கள். கரண்டிகளிலும் தலை ஒரு துண்டு, காம்பு ஒரு துண்டாக ஒட்டியிருக்கும். முறுக்கிப் பார்த்து அசைந்தால் ஒதுக்கிவிடுங்கள். தோசைக்கல் எப்போதும் நன்றாகவே வரும், வெறும் வட்டத் தட்டுதானே.

குக்கர் இல்லாதது இந்தச் செட்டுகளின் உண்மையான குறை. விசில் எண்ணுவது நம் சமையலறையில் தினசரி நடக்கிற காரியம், குழந்தை அதைத்தான் முதலில் பாவனை செய்யப் பார்க்கும். சில பட்டறைகள் இப்போது குக்கரும் காஸ் அடுப்பும் கடைகின்றன. குக்கரின் தலையில் இருக்கும் வெயிட் தனித்துண்டாக இருந்தால் மூன்று வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

வயதும் அளவும் சேர்ந்தே யோசிக்க வேண்டியவை. பொம்மைப் பாதுகாப்புத் தரநிலையில் சின்னத் துண்டைச் சோதிக்க ஓர் உருளை இருக்கிறது, அதன் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். எந்தத் துண்டு எந்தப் பக்கமாகவாவது திருப்பி வைக்கும்போது அந்த உருளைக்குள் முழுசாக அடங்குகிறதோ, அது மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஆகாது. உருண்டையான சாமானுக்கு அளவு இன்னும் கடுமை: 44.5 மில்லிமீட்டர் வளையத்துக்குள் நுழைந்து போகிற உருண்டை ஆகாது, லட்டு, எலுமிச்சை, உருளைக்கிழங்கு எல்லாம் இதில் சேர்த்தி. ஸ்கேலை எடுத்துப் போங்கள். கையடக்கச் செட் என்று விற்பதில் மூடிகளும் டம்ளர்களும் பெரும்பாலும் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். அழகாக இருக்கும், ஆனால் நாலு வயதுக்கு மேல்தான். இரண்டு வயதுக் குழந்தைக்கு, குடம் உங்கள் உள்ளங்கையை நிறைக்கிற செட்டாகப் பாருங்கள். நீளமாக மெலிந்த உலக்கையையும் கரண்டியையும் வாயில் வைத்துக்கொண்டு ஓடவிடாதீர்கள், விழுந்தால் அண்ணத்தில் குத்தும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை விஷயத்தில் குழப்பம் அதிகம். 2020-ல் பிறப்பித்த பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு இந்த முத்திரை கட்டாயம். ஆனால் மத்திய அரசின் கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் செய்து விற்பதற்கும், புவிசார் குறியீட்டின் கீழ் அங்கீகாரம் பெற்றவர் செய்து விற்பதற்கும் விலக்கு உண்டு. சன்னபட்டணா பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு 2005-06-லேயே கிடைத்துவிட்டது. ஆகவே முத்திரை இல்லை என்பதற்காக ஒரு கைவினைஞரின் சொப்பை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த விலக்கு யாருக்கு எந்தப் பதிவில் கிடைத்தது என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. பெரிய கம்பெனிப் பெயரில், அச்சிட்ட அட்டைப்பெட்டியில் வருகிற மரச் செட்டில் முத்திரையைக் கட்டாயம் தேடுங்கள்.

அதே அட்டைப்பெட்டியில் "மூளை வளர்ச்சி", "படைப்பாற்றல்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பாவனை விளையாட்டு குழந்தையின் அறிவை வளர்க்கிறதா என்று அதுவரை வந்த ஆய்வுகளை ஆஞ்சலின் லில்லார்டும் குழுவினரும் 2013-ல் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். விளையாட்டால்தான் அறிவு கூடுகிறது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் வலுவாக இல்லை என்பதே அவர்கள் கண்டது. குழந்தை சும்மாக்காச்சும் சமைப்பது அதற்குப் பிடித்திருக்கிறது, நம்மையும் கூடக் கூப்பிட்டு உட்காரவைக்கிறது. வாங்குவதற்கு அந்தக் காரணம் போதும்.

எத்தனை சாமான் வேண்டும் என்பதில் மட்டும் ஓர் ஆய்வு கை கொடுக்கிறது. அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகக் குழு 2018-ல் வெளியிட்டது. 36 சிறு குழந்தைகளுக்கு ஒரு முறை 4 பொம்மை, இன்னொரு முறை 16 பொம்மை கொடுத்துப் பார்த்தார்கள். 4 பொம்மை இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். ஆகவே 30 துண்டு, 40 துண்டு என்று எண்ணிக்கையைக் காட்டி விற்கிற செட்டில் மயங்க வேண்டாம். குடம், மூடியோடு ஒரு தவலை, டபரா டம்ளர் இரண்டு ஜோடி, தோசைக்கல், கரண்டி, தட்டு இரண்டு, உரல் உலக்கை. இவ்வளவையும் உதிரியாகப் பொறுக்கி எடுக்க முடிந்தால் அதுவே சிறந்த செட். பெரிய செட் பரிசாக வந்துவிட்டால் பாதியை எடுத்து மேலே வைத்து, மாதம் ஒரு முறை மாற்றிக் கொடுங்கள்.

பாத்திரத்துக்குள் போட என்ன கொடுப்பது? மூன்று வயதுக்குக் கீழே அரிசி, பருப்பு, கடலை, புளியங்கொட்டை எதுவும் வேண்டாம், மூக்கிலும் தொண்டையிலும் போய்விடும். பழைய பருத்தித் துணியை உள்ளங்கை அளவுக்குச் சதுரமாக வெட்டிக் கொடுங்கள். வெள்ளைத் துணி சாதம், மஞ்சள் துணி சாம்பார், பச்சைத் துணி கீரை. வட்டமாக வெட்டிய தடித்த வெள்ளைத் துணி தோசை, திருப்பிப் போடலாம், மடிக்கலாம். பழம், பீட்சா என்று வெட்டி ஒட்டுகிற மர உணவுகளைத் தனியாக விற்கிறார்கள். அவை பீட்சாவாக மட்டுமே இருக்கும். துணி நாளைக்கு வேறொன்றாக மாறும்.

எங்கே வாங்கலாம்? ஊருக்குள் என்றால் காவேரி எம்போரியம், கர்நாடக மாநிலக் கைவினை மேம்பாட்டுக் கழகத்தின் கடை. பேரம் கிடையாது, பில் உண்டு, அசல் ஊர்ச் சரக்கு. மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸிலும் காந்தி பஜாரிலும் நவராத்திரிக்கு முன்பு குவியும் சரக்கில் பெரும்பகுதி கொலுச் சரக்கு. அந்தப் பருவத்தில் மூடியைத் தூக்கிப் பார்ப்பது இரண்டு மடங்கு அவசியம். ஆந்திராவின் ஏட்டிகொப்பாகா சொப்புகளும் அங்கே கலந்து கிடக்கும். அதே வெட்பாலை மரம், அதே அரக்கு முறைதான், தரத்தில் குறைவில்லை. பெயரை மாற்றி விற்பதுதான் தவறு.

உதிரியாகப் பொறுக்க வேண்டும் என்றால் சன்னபட்டணாவுக்கே போவதுதான் வழி. மைசூரு சாலையில் சுமார் 60 கிலோமீட்டர். 2023 மார்ச்சில் திறந்த விரைவுச்சாலை ராமநகரத்தையும் சன்னபட்டணாவையும் ஒதுக்கி வெளியே சுற்றிப் போகிறது, அதில் போனால் ஊரே கண்ணில் படாது. பிடதி தாண்டியதும் பைபாஸில் ஏறாமல் பழைய சாலையைப் பிடியுங்கள், கடைகள் அந்தச் சாலையோரம்தான். ரயிலில் போகிறவர்கள் சன்னபட்டணாவில் நிற்கும் வண்டியா என்று பார்த்து ஏறுங்கள், மைசூரு வண்டிகள் எல்லாமே நிற்பதில்லை. சாலையோரக் கடையில் பொறுக்குவதைவிட, பட்டறையோடு சேர்ந்த கடையில் பொறுக்குவது மேல். மூடி பொருந்தாவிட்டால் வேறு மூடி அங்கேயே கிடைக்கும்.

ஆன்லைனில் வாங்குவதை இந்தப் பொருளுக்குச் சொல்ல மாட்டோம். மூடியைச் சுற்றிப் பார்க்க முடியாது, படத்தில் குழிவு தெரியாது. வேறு வழியில்லை என்றால், பாத்திரங்களை மேலிருந்து எடுத்த படம் இருக்கிறதா, மூடி கழற்றிய படம் இருக்கிறதா, ஒவ்வொரு துண்டின் உயரமும் மில்லிமீட்டரில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மாற்றுப் பொருட்களில் எவர்சில்வர் சொப்பு நல்ல சொப்பு. விளிம்பை மடித்து உருட்டியிருக்கிறார்களா என்று விரலால் ஓட்டிப் பாருங்கள், வெட்டிய விளிம்பு கையைக் கீறும். மாக்கல் சொப்பு கனம், காலில் போட்டுக்கொள்ளும். பிளாஸ்டிக் செட்டில் குழிவு எப்போதும் இருக்கும் என்பது ஒரு நன்மை, கைப்பிடி ஒடிந்தால் கூர்முனை நிற்கும் என்பது கெடுதல்.

மொசைக் தரையில் விழுந்து விளிம்பில் அரக்கு பெயர்வது சகஜம், அரக்கு நொறுங்கும் தன்மை உள்ளது. பெயர்ந்த இடத்தை 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கூர்மை போனதும் வெறும் மரமாக விட்டுவிடுங்கள். பெரிய பெயர்ப்பு என்றால் பிரெஞ்ச் பாலிஷுக்கு வாங்கும் அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லியதாக இரண்டு பூச்சு கொடுத்து, வாடை முழுக்கப் போகும்வரை காற்றாட வைக்கலாம். வாயில் வைக்கும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் அதுவும் வேண்டாம். மூடி தொலைந்தால் செட்டையே தூக்கிப் போட வேண்டியதில்லை, கேட்டால் ஒற்றை மூடி கடைந்து தரும் பட்டறைகள் சன்னபட்டணாவில் உண்டு. வாயின் அளவை மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள். வட்டம் கோணியிருந்தால் ஓர் எண்ணில் அது அடங்காது. குடத்தையே எடுத்துப் போங்கள், கடைகிறவர் வாயில் வைத்து வைத்துப் பார்த்துப் பொருத்தித் தருவார்.